பெல் ஏன் அடிக்கவில்லை

ஆவடி
8 ஜூன் 2025

திரு. ஹேமநாதன் அவர்களுக்கு,

வக்கீல் அனுப்பிய தாள்கள் வந்து சேர்ந்தன. இருவரும் மனம் ஒத்துப் பிரிவதாக எழுதியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இன்னும் போடவில்லை. உங்கள் மேல் பாசம் பொங்குகிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா இறந்த அன்று அந்த பெல் ஏன் அடிக்கவில்லை?

எத்தனை முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் "என் தப்புதான் லாவண்யா, மன்னிச்சிடு" என்று தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். மன்னிப்பு யாருக்கு வேண்டும்? அம்மாவின் விரலில் கிளிப்பை மாட்டி, அதன் ஒயரை ஹாலுக்கு இழுத்து வந்து நான் ஆன்லைன் கிளாஸ் எடுக்கிற கம்ப்யூட்டரில் சொருகி, "ஆக்சிஜன் கொஞ்சம் எறங்கினாலும் பெல் அடிச்சிடும், நீ நிம்மதியா கிளாஸ் எடு" என்று சொன்னது நீங்கள்தான். நான் நம்பினேன். அன்று சாயங்காலம் தூக்கத்தில் அம்மாவின் மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாய் நழுவிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துபாய்ப் பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். கிளாஸ் முடிந்து காபி கலந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை, உங்களுக்கே தெரியும்.

பிப்ரவரியில் நான் பிரிந்துவிடலாம் என்றதும் "சரி" என்றீர்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்கு ஆறவில்லை.

போனில் பேச வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டாலே கத்தத் தோன்றுகிறது, அதனால்தான் நம்பரை பிளாக் செய்தேன். எழுதுங்கள். நான் கணக்கு டீச்சர். படிப்படியாக எழுதினால் எனக்குப் புரியும். புரிந்த பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

உ. லாவண்யா


முகப்பேர் கிழக்கு
14 ஜூன் 2025

அன்புள்ள லாவண்யா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ் வீட்டு ஆட்டோ தேவா பார்த்துவிட்டு, "இன்னா சார், மயக்கமா? துன்னியா இல்லியா?" என்றான். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவன் விடவில்லை. "அண்ணி ஆவடிலயே குந்திகினு கீது. நீ போய் இட்டுகினு வா சார். ஒரு வாரத்துக்கு மேல போச்சின்னா அதுக்குப் பேரு கோவம் இல்ல" என்றான். சரி சரி என்று மேலே வந்துவிட்டேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பார்த்துக்கொள்ளும் பெரிய சர்வர் ஆனாலும் சரி, நம் ஹாலில் இருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஆனாலும் சரி, வேலை செய்கிற முறை ஒன்றுதான்.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள். மெமரி என்பது அதில் இருக்கும் நாற்காலிகள். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் எனக்கு இவ்வளவு நாற்காலி வேண்டும் என்று கேட்கும். மெஷின் யாருக்கும் இல்லை என்று சொல்லாது. கையில் இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுத்துவிடும். பத்திரிகை வைத்த எல்லோரும் ஒரே நேரத்திலா வரப்போகிறார்கள் என்கிற தைரியம்தான். பெரும்பாலும் அது சரியாகவே நடக்கும்.

ஒரு நாள் எல்லோரும் ஒன்றாக வந்துவிட்டால்? முதலில், சும்மா உட்கார்ந்திருப்பவர்களை மாடிக்கு அனுப்பும். மாடி என்பது ஹார்ட் டிஸ்க். அங்கிருந்து கூப்பிட்டால் இறங்கி வர நேரமாகும், மெஷின் நொண்டும். மாடியும் நிறைந்துவிட்டால் வேறு வழி இல்லை. யாரையாவது வெளியே அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் மொத்த மண்டபமும் ஸ்தம்பித்துவிடும். அப்போது மெஷின் யாரையும் கேட்காது. இருப்பவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போடும். அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யாரோ, அதைப் பிடித்து அந்த நொடியே நிறுத்திவிடும். எச்சரிக்கை கிடையாது. நிற்கப்போகிற புரோகிராமுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூட அவகாசம் கிடையாது. மற்றவை ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும்.

அன்று மெமரி தீர்ந்துபோனது. மெஷின் நிறுத்தியது பெல் புரோகிராமை. அதனால் பெல் அடிக்கவில்லை.

பாடியில் பழைய சாமான் கடையில் அந்த பெல்லை வாங்கி வந்து அடித்துக் காட்டினபோது அத்தை என்ன சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? "மாப்ள, இது அடிச்சா செத்தவகூட எழுந்து உக்காந்துடுவா." நான் சிரித்தேன்.

கட்டினவன் நான். தப்பு என்னுடையது. இதற்கு மேல் ஒன்றும் இல்லை லாவண்யா. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. மாமாவுக்கு பி.பி. மாத்திரை தீர்ந்திருக்கும், பார்த்துக்கொள்.

ஹேமநாதன்


ஆவடி
21 ஜூன் 2025

ஹேமநாதனுக்கு,

கல்யாண மண்டபம் புரிந்தது. நன்றாகவே புரிந்தது, அதுதான் தொல்லை.

உங்கள் கடிதத்தை அப்பா பார்த்துவிட்டார். படிக்கவில்லை, உறையைத்தான் பார்த்தார். "அந்தப் பயலுக்கு இன்னும் எழுதறதுக்கு மூஞ்சி இருக்கா? டேங்க் ஃபேக்டரியில முப்பது வருஷம் இருந்தேன், ஒரு அலாரம் வேலை செய்யலன்னா லைனையே நிறுத்திடுவோம். இவன் கட்டின பெல்லு இவன் வீட்டுலயே அடிக்கல" என்று ஆரம்பித்துவிட்டார். தினமும் இதே பாட்டுத்தான். சாயங்காலம் ஆனால் வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு உங்களைத் திட்டுகிறார். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு உதைக்கிறது.

அதிக இடம் அடைத்தவனை வெளியே அனுப்பும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெல் புரோகிராமுக்கு என்ன வேலை? ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும், குறைந்தால் பெல்லை அடிக்க வேண்டும். மண்டபத்தில் அது ஒண்டியாக வந்த ஆள். என் கிளாஸ் அப்படியா? வீடியோ, போர்டு, போன வருஷப் பாடங்கள், பிள்ளைகளின் முகங்கள் என்று குடும்பத்தோடு வந்து ஒரு வரிசையையே வளைத்துப் போட்ட சொந்தக்காரர் மாதிரி. அப்படியானால் மெஷின் பிடித்திருக்க வேண்டியது என் கிளாஸைத்தானே? அன்று என் கிளாஸ் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பிள்ளைகள் 'பை மிஸ்' சொல்லும்வரை ஒழுங்காக ஓடியது.

இதற்குப் பதில் எழுதுங்கள். மழுப்ப வேண்டாம்.

வெளியில் சாப்பிட்டுச் சாப்பிட்டு உங்கள் வயிறு கெட்டுப்போயிருக்கும். அலமாரியில் கீழ்த்தட்டில் ஓமம் இருக்கிறது. இதை நான் அக்கறையில் எழுதவில்லை. ஓமம் வீணாகப் போகக் கூடாது.

லாவண்யா


முகப்பேர் கிழக்கு
27 ஜூன் 2025

அன்புள்ள லாவண்யா,

வகுப்பில் பிள்ளைகளை நீ மடக்குவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். இப்போது என் முறை போலிருக்கிறது.

ஓமம் கிடைத்தது.

பெல் புரோகிராம் முதலில் நீ சொன்ன மாதிரி ஒண்டி ஆளாகத்தான் இருந்தது. கெடுத்தது நான். டாக்டரிடம் போகும்போதெல்லாம் "ராத்திரி எப்படி இருந்தது, பகல்ல எப்படி இருந்தது" என்று கேட்பாரே, அத்தை "நல்லாத்தான் இருந்தேன்" என்று அடித்து விடுவார்களே. அதற்காக, வருகிற ஒவ்வொரு அளவையும் கழித்துப் போடாமல் வைத்துக்கொண்டு படமாக வரைந்து காட்டும்படி மாற்றி எழுதினேன். வைத்துக்கொள்வதை டிஸ்க்கில் வைத்திருக்க வேண்டும். சோம்பலில் மெமரியிலேயே வைத்துவிட்டேன். வாரக்கணக்கில் நிறுத்தாமல் ஓடினதில் அது வீங்கிப் பெருத்துவிட்டது. எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன் இப்படிச் செய்திருந்தால் நான் கிழி கிழி என்று கிழித்திருப்பேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு மெமரியும் கம்மி. இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளினேன்.

போதுமா? இதில் உனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. மாமா திட்டுவது நியாயம்தான். திட்டட்டும், அவருக்கும் எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.

அத்தையின் அறையை அப்படியே வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை பெருக்குகிறேன். ஆக்சிஜன் மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது ஓடுகிற சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்க ரொம்ப நாள் ஆயிற்று.

ஹேமநாதன்


ஆவடி
5 ஜூலை 2025

ஹேமநாதனுக்கு,

வீங்கினது சரி. என் கிளாஸைவிடப் பெரிதாக வீங்கினதா? ஆமாம் அல்லது இல்லை. ஒரு வார்த்தையில் முடிகிற கேள்வியை விட்டுவிட்டு ஆக்சிஜன் மெஷின் சத்தத்தைப் பற்றி எழுதி என்னை அழ வைக்கப் பார்க்கிறீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. அம்மா போன நாளிலிருந்தே வரவில்லை. பார்க்கிறவர்களெல்லாம் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

நேற்று வகுப்பில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. வரிசைகளுக்கு நடுவே சும்மா நடந்துகொண்டிருந்தபோது எனக்கு ஜனவரி மாதம் ஞாபகம் வந்தது.

பொங்கல் முடிந்த வாரம். ஆன்லைன் கிளாஸ் பாதியில் பாதியில் தானாகவே மூடிக்கொண்டது, ஞாபகம் இருக்கிறதா? மறுபடி திறப்பதற்குள் பிள்ளைகள் போய்விடுவார்கள். துபாயிலிருந்து அந்த சுவேதாவின் அம்மா, "மேடம், உங்க வீட்ல நெட் வசதி இல்லன்னா வேற டீச்சர் பாத்துக்கறோம்" என்று எல்லாப் பெற்றோரும் கேட்கும்படி சொன்னார். எனக்கு மானமே போனது. அன்றைக்கு உங்களிடம் எரிந்து விழுந்தேன்.

மெஷின் அப்போதே நீங்கள் சொல்கிற வேலையைத்தான் செய்திருக்கிறது. இடம் போதவில்லை, பெரிய ஆளான என் கிளாஸைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பெல் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு தடவை கிளிப் கழன்று, அது ஊரையே கூட்டியதே, அதுவும் அந்த வாரம்தான்.

அம்மா இறந்த பிப்ரவரியில் என் கிளாஸ் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கம்ப்யூட்டர் அதேதான். புதிதாக மெமரியும் போடவில்லை என்கிறீர்கள். நடுவில் என்ன செய்தீர்கள்?

லாவண்யா


முகப்பேர் கிழக்கு
16 ஜூலை 2025

லாவண்யா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆபீசில் வேலை நெட்டித் தள்ளியது.

ஜனவரியில் என்னென்னவோ மாற்றினேன், எல்லாம் ஞாபகம் இல்லை. எது எப்படிப் போனால் என்ன, கட்டினவன் நான், அடிக்கவில்லை. இதையே நோண்டிக்கொண்டு இருப்பதால் அத்தை திரும்பி வரப்போவதில்லை. வக்கீல் இரண்டு தடவை கேட்டுவிட்டார். தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்பு. உனக்கு வயசு இருக்கிறது. இந்த வீட்டையும் என்னையும் விட்டு ஒரேயடியாக வெளியே வந்துவிடு.

ஹேமநாதன்


ஆவடி
23 ஜூலை 2025

ஹேம்,

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. கடிதத்தில்கூட வரவில்லை. எட்டாம் வகுப்பில் செய்த எந்த சர்க்யூட்டில் எந்த பல்பு எரிந்தது என்றுகூடச் சொல்கிற ஆளுக்கு, ஜனவரியில் செய்த வேலை ஞாபகம் இல்லையாம்.

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கிற சபீனாவிடம் கேட்டேன். நம் கதையைச் சொல்லவில்லை. மெஷின் யாரை நிறுத்துவது என்று முடிவு பண்ணும்போது, நாம் குறுக்கே புகுந்து மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டேன். "ஏன் முடியாது டீச்சர்? இதைத் தொடாதேன்னு குறி வெச்சிட்டா, அது எவ்ளோ பெருசா இருந்தாலும் மெஷின் அது பக்கமே போகாது. அதுக்கு அடுத்த பெரிய ஆளைப் பிடிக்கும்" என்றாள். ஸ்டாஃப் ரூமில் நின்றுகொண்டிருந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்.

சுவேதாவின் அம்மா பேசின அன்று, நான் உங்களிடம், "எனக்கு எதுவும் தெரியாது, என் கிளாஸ் மட்டும் நடுவுல நிக்கவே கூடாது. நீங்க என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க" என்றேன். மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் ஏதோ தட்டி, "இனிமே நிக்காது, போ" என்றீர்கள். நிற்கவில்லை. நான் கேசரி செய்து கொடுத்தேன். "பாரும்மா, உன் மாப்பிள்ளை கெட்டிக்காரர்" என்று அம்மாவின் வாயில் ஒரு ஸ்பூன் ஊட்டினேன். நீங்கள் என் கிளாஸுக்குத் தொடாதே என்று குறி வைத்திருக்கிறீர்கள். மெமரி தீர்ந்த அன்று மெஷின் என் கிளாஸைத் தொடவில்லை. அதற்கு அடுத்த பெரிய ஆள் எது? வீங்கிக் கிடந்த பெல்.

நான் கேட்டேன். நீங்கள் செய்தீர்கள். அம்மா போய்விட்டாள்.

இத்தனை மாதமாக இதைத் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அப்பா தினமும் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார், நானும் தாளம் போட்டேன். பிரிந்துவிடலாம் என்றேன், சரி என்றீர்கள். எதற்கு? லாவண்யா தாங்க மாட்டாள், அவள் ஓடிக்கொண்டே இருக்கட்டும், நான் நின்றுபோகிறேன் என்றுதானே? என் மேலும் தொடாதே என்று குறி வைத்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் என்ன உங்கள் புரோகிராமா?

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு நீங்கள் எதிரில் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அது பழைய ஆத்திரம் இல்லை. பழையது போய்விட்டது. அதை எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நான் அன்று அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் பெல் அடித்திருக்குமா? உண்மையைச் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக மறுபடியும் ஒரு பொய் எழுதினீர்கள் என்றால், அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். என்னிடம் உண்மை பேசாத மனுஷனோடு எனக்கு வாழ்க்கை இல்லை. உண்மையைச் சொன்னால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் சொல்லுங்கள்.

லாவண்யா


முகப்பேர் கிழக்கு
30 ஜூலை 2025

அன்புள்ள லாவண்யா,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில், குறி வைத்திருக்காவிட்டாலும் பெல் நின்றிருக்கும் என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். ஆபீஸ் போகிற வழியில் தபால் பெட்டி முன்னால் வண்டியை நிறுத்தினேன். போட முடியவில்லை. எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அடித்திருக்கும்.

நீ கேட்காமல் இருந்திருந்தால், நான் அந்தக் குறியை வைக்காமல் இருந்திருந்தால், அன்று உன் கிளாஸ் நடுவில் நின்றிருக்கும். ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு எனக்கு போன் போட்டுத் திட்டியிருப்பாய். பெல் புரோகிராம் ஓடிக்கொண்டு இருந்திருக்கும். அத்தையின் குழாய் நழுவி அளவு இறங்கியதும் பெல் அடித்திருக்கும். நீ உள்ளே ஓடியிருப்பாய். குழாயை எடுத்து மூக்கில் வைத்திருப்பாய்.

பிழைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. டாக்டரைப் போய்ப் பார்த்தேன், உன்னிடம் சொல்லவில்லை. அந்த நுரையீரலோடு எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும், அன்றைக்குத் தப்பியும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். இதை உனக்கு ஆறுதல் சொல்ல எழுதவில்லை. அவர் சொன்னது இதுதான்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. உனக்குக் கிளாஸ் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் தெரியும். மண்டபத்தில் ஒருவரைத் தொடாதே என்றால் வேறு ஒருவர் எழுந்தாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் நான் சம்பளத்துக்குச் செய்கிறேன். உன் கிளாஸுக்குக் குறி வைத்த கையோடு பெல்லுக்கும் வைத்திருக்க வேண்டும். ஒரு வரி. பெல் சின்ன ஆள், அதை யார் தொடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அதை வீங்க வைத்ததும் நான்தான் என்பதை மறந்துபோனேன். உனக்குப் பிடித்ததைச் செய்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். நீ இனிமேல் சண்டை போட மாட்டாய் என்று இருந்தேன்.

உன்னைக் கேட்காமல் முடிவு செய்தேன் என்கிறாய். ஆமாம். காரியம் முடிந்த மூன்றாம் நாள் மெஷினைத் திறந்து பார்த்தேன், என்ன நடந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. நீ ஹாலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சொல்லலாம் என்று வந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்து, "உங்களாலதான்" என்றாய். அதைச் சொல்லும்போது உனக்கு மூச்சு விட முடிந்தது. அதற்கு முன்னால் வரைக்கும் நீ மூச்சு விடுகிற மாதிரியே இல்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெரிய தியாகம் என்று நினைத்துச் செய்யவில்லை. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நீ இல்லாமல் என்னால் முடியவில்லை லாவண்யா. பிப்ரவரியிலேயே சொல்லியிருக்க வேண்டியது. நீ எந்த முடிவு எடுத்தாலும் சரி, இனிமேல் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஹேம்


ஆவடி
6 ஆகஸ்ட் 2025

ஹேம்,

கடிதம் வந்தது. அடுக்களையில் நின்றுகொண்டே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் வழக்கம்போல் உங்களைத் திட்ட ஆரம்பித்தார். "போதும்ப்பா. அவர் பெல்லை நிறுத்தல. என் கிளாஸ் நிக்கக் கூடாதுன்னு நான்தான் அவரைப் படுத்தினேன், அதனால நின்னுச்சு" என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. உங்கள் கல்யாண மண்டபத்தை வைத்தே விளக்கினேன். புரிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கே போனாரோ என்று பதறிப்போய் ஸ்டேஷன் வரைக்கும் தேடினேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். ரயில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவன் இத்தனை நாள் என்கிட்ட எவ்ளோ பேச்சு வாங்கினான். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலியேம்மா" என்றார். அப்புறம், "அன்னிக்கு அவளைப் பாத்துட்டு நான் மத்தியானமே ஆவடிக்குக் கிளம்பி வந்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் அவகூட உக்காந்திருக்கலாம்" என்றார். அவருக்கும் அது உள்ளே இருந்திருக்கிறது. உங்களைத் திட்டிக்கொண்டே அதை மறைத்து வைத்திருந்திருக்கிறார். நாம் மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

தாள்களைக் கையெழுத்துப் போடாமலே வக்கீலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உங்களை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள், தெரியாது. என்னை நான் எப்படி மன்னிப்பது என்றும் தெரியாது. அந்த வீட்டுக்கு, அந்த ஹாலுக்கு நான் திரும்ப வருவேனா என்றும் இப்போது கேட்காதீர்கள். துபாய் கிளாஸை விட்டுவிட்டேன்.

அம்மா செத்த அன்று நான் அழவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்தபோதுகூட அவள் முகத்தைப் பார்க்காமல் எதிரில் நின்ற உங்களைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதமும் கோபத்திலேயே ஓட்டிவிட்டேன். இப்போது கோபப்பட ஆள் இல்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அழுகை வந்து வந்து நின்றுவிடுகிறது. அப்பா முன்னால் அழ முடியாது. நான் அழுதால் அவர் தன் அழுகையை விழுங்கிக்கொண்டு என்னைத் தேற்ற வந்துவிடுவார். அவர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார், எனக்குக் கேட்கிறது.

கடைசி ஆறு மாதம் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, தலை துவட்டினது நீங்களும் நானும்தான். அவள் எலும்பு எவ்வளவு லேசாகிவிட்டது என்று உங்கள் கைக்குத் தெரியும். அது தெரிந்த இன்னொரு ஆள் இந்த உலகத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். அப்பா கதவைத் திறப்பார். வந்து எதையும் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். எனக்கு அம்மாவுக்காக அழ வேண்டும் ஹேம். தனியாக முடியவில்லை.

லாவண்யா